எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி

அக்காவுக்கு என்ஜினியரிங் கவுன்சலிங்கில் இடம் கிடைத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் அண்ணனைச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தார்கள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பெரியவர்கள் முக்கியமாக ஏதாவது பேசத் தொடங்கினால் என்னைத் தண்ணீர் பிடித்து வரச் சொல்லி வெளியே அனுப்பிவிடுவார்கள். நான் குடத்தோடு ஜன்னலுக்குக் கீழே நின்றுகொள்வேன். அதனால் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏற்காடு மலைமேல் வாழவந்தி என்ற ஊரில் இருந்தோம். அப்பா ஒரு காபி எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினார். அண்ணன் ஏற்காடு டவுனில் ஒரு ஓட்டலின் வரவேற்பு மேசையில் இருந்தார். எங்கள் தெருவில் டிகிரி முடித்தவர் அவர் ஒருவர்தான். ஆத்தூரிலிருந்து அண்ணி வீட்டார் மலையேறி வந்து பெண் கொடுத்ததே அந்த டிகிரியைப் பார்த்துத்தான். கல்யாண பிளெக்ஸ் பேனரில் அண்ணன் பெயரைவிட ‘பி.காம்.’ பெரிதாக இருந்தது. கல்யாணம் முடிந்ததும் அம்மா அந்தப் பேனரை வீணாக்காமல், விறகு நனையாதிருக்க மேலே போர்த்தி வைத்திருந்தார்.

அக்காவின் படிப்புக்கு உதவி தேடி அலைந்தவர் அண்ணன்தான். வங்கியில் கல்விக்கடன் கேட்டார். அதைப் படிப்பு முடிந்து வேலைக்குப் போனபின் கட்டினால் போதும் என்றார். ஹாஸ்டல் செலவுக்குச் சர்ச் ஃபாதரைப் பார்த்தார். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு நிதி இருக்கிறதாம், அதைத் திருப்பித் தர வேண்டியதில்லையாம். கல்லூரி நூலகத்தில் மாலையில் வேலை செய்தால் சாப்பாட்டுச் செலவு கழியும் என்பதுவரை விசாரித்து வைத்திருந்தார். எந்த உதவிக்கு யாரைப் பார்க்க வேண்டும், எதற்குக் கடைசித் தேதி எப்போது என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில் இருந்தது.

அப்பாவுக்கு அதுவே பிடிக்கவில்லை. “இவனுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியுது? எவனோ புரோக்கர்கூடச் சேர்ந்துட்டான்” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கு வேறு பயம். “சும்மா எவன் குடுப்பான்? நாளைக்கு ஊட்டைக் கேப்பாங்க.”

கடைசியாக அண்ணன் முதல் பட்டதாரிச் சலுகை என்று ஒன்றைச் சொன்னார். குடும்பத்தில் இதுவரை யாரும் டிகிரி முடிக்கவில்லை என்று சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால், கல்லூரிக் கட்டணத்தில் அரசாங்கம் தள்ளுபடி தரும்.

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். “நீ பி.காம். முடிச்சிருக்கறயே, அப்பறம் எப்பிடி?”

“அது வேற ரூல்ஸ்ங்கப்பா. நீங்க கையெழுத்துப் போடுங்க, நான் பாத்துக்கறேன்.”

அப்பா கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அம்மாவிடம், “மாட்டுனா அப்பனும் மவனும் சேர்ந்து உள்ள போகணும்” என்று அவர் சொன்னதை நான் ஜன்னலடியில் கேட்டேன். அதிலிருந்து ரோட்டில் எந்தப் பைக் சத்தம் கேட்டாலும் போலீசா என்று எட்டிப் பார்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தபோது, கிராம நிர்வாக அதிகாரி விசாரணைக்கு வந்துவிட்டார். ஊரில் எல்லோரும் அவரை வி.ஏ.ஓ. என்பார்கள். அண்ணன் பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தார். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வி.ஏ.ஓ. உட்காரவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தபடியே பேசினார்.

“ஏனுங்க, உங்க ஊட்ல டிகிரி படிச்சவங்க யாருமே இல்லைன்னு எழுதியிருக்கறீங்க?”

“ஆமாங்க சார்.”

“உங்க பையன் பி.காம்.னு டீக்கடையில சொன்னாங்களே?”

அப்பா தலையைச் சொறிந்தார். வி.ஏ.ஓ.வின் கண் அதற்குள் விறகுக் குவியலுக்குப் போய்விட்டது. பேனரில் அண்ணனும் அண்ணியும் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி குனிந்து எழுத்துக்கூட்டி வாசிப்பதுபோல மெதுவாக, “பி… காம்…” என்றார்.

அண்ணன் தலையைத் துவட்டியபடி வந்து நின்றார். அண்ணி டீத் தட்டோடு வாசற்படியில் இருந்தார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“நான் முடிக்கலைங்க சார்” என்றார் அண்ணன். “மூணாவது வருசம் பரீட்சையே எழுதலைங்க.”

“சலுகைக்காக இப்பிடிச் சொல்றயா தம்பி?”

“இல்லைங்க. நீங்களே காலேஜ்ல கேட்டுப் பாருங்க.”

“நான் எதுக்குக் கேக்கணும்? முடிக்கலைன்னு அவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வா. அதுவரைக்கும் சான்றிதழ் கிடையாது.” போகும்போது மறுபடியும் ஒருமுறை பேனரைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை. நானும் நம்பவில்லை. ஆனால் எனக்கு அண்ணன்மேல் பெருமையாக இருந்தது. அக்காவுக்காக ஒரு மனிதர் ஊரறிய, கட்டிய மனைவி எதிரிலேயே இப்படி ஒரு பொய்யைக் கூசாமல் சொல்கிறாரே.

அண்ணி தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். மறுநாள் ஆத்தூரிலிருந்து அவருடைய அப்பா வந்தார். காபியைத் தொடவில்லை.

“மாப்ள, ஒண்ணு எங்ககிட்டச் சொன்னது பொய்யா இருக்கணும், இல்லாட்டி அந்த ஆபீசர்கிட்டச் சொன்னது பொய்யா இருக்கணும். எதுங்க பொய்?”

“உங்ககிட்டச் சொன்னதுதானுங்க மாமா.”

குடத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் அசையவில்லை. மாமனார் போய் எங்காவது உளறிவிட்டால் சான்றிதழ் போய்விடும் என்று, சொன்ன பொய்யை அண்ணன் அவர் முன்னாலும் விடாமல் காப்பாற்றுகிறார் என்றுதான் நினைத்தேன். அண்ணி பெட்டியோடு தன் அப்பாவுடன் கிளம்பிப் போனார். அண்ணன் பஸ் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை.

சேலத்துக்குப் போய் அண்ணன் கல்லூரியிலிருந்து கடிதம் வாங்கி வந்தார். கோபுர முத்திரையெல்லாம் இல்லை, சாதாரண ரப்பர் ஸ்டாம்புதான். அப்பா சொன்ன புரோக்கர் செய்து கொடுத்ததாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. மனசு கேட்காமல் ஃபாதரிடம் போய், “நல்லதுக்காக கவருமெண்டுகிட்டப் பொய் சொன்னாப் பாவமுங்களா?” என்று கேட்டேன்.

“யாரு சொன்னாங்க கண்ணு?”

“தெரிஞ்சவங்க ஒருத்தருங்க.”

“அவங்களுக்காக வேண்டிக்கோ” என்றார். பல மாதங்கள் வேண்டிக்கொண்டேன்.

சான்றிதழ் கிடைத்தது. கடனும் கிடைத்தது. அக்கா படித்து ஓசூரில் வேலைக்குப் போய், கடனைக் கட்டி முடித்தாள். ஓட்டல் முதலாளிக்குச் செய்தி போனபோது, “உன்னய டிகிரியப் பாத்தா வெச்சேன்?” என்றாராம். அண்ணி அந்த வருட மழைக்காலம் முடிந்தபிறகே திரும்பி வந்திருந்தார். வந்தபின்னும் வெகுநாள் அண்ணன் என்ன சொன்னாலும், “நெசமாவா?” என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பார்.

நான் கல்லூரிக்குப் போகும் வயது வந்தபோது அந்தச் சலுகையைப் பற்றி அக்காவிடம் கேட்டேன். “உனக்குக் கிடையாது. அதான் நான் பட்டதாரி ஆயிட்டேனே” என்றாள். சேலம் பஸ்ஸில் வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தோம். அண்ணன் எவ்வளவு துணிந்து பொய் சொன்னார் என்று நான் ஆரம்பித்தேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்ததைச் சொன்னாள்.

அண்ணனின் மூன்றாம் வருடக் கட்டணம் அம்மாவின் ஆபரேஷனுக்குப் போய்விட்டது. வேறு வழி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கேட்க அவருக்கும் வெட்கம். அந்த வருடம் முழுக்க தினமும் காலையில் பஸ் ஏறி, சேலத்தில் ஒரு மண்டியில் மூட்டை தூக்கிவிட்டு, காலேஜ் விடுகிற நேரத்துக்கு வீடு திரும்பியிருக்கிறார். ஏழைப் பிள்ளைகளுக்குத் தருகிற உதவிகளைப் பற்றி அவர் விசாரித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். அம்மா மனசு உடைந்துவிடும் என்று முதலில் மறைத்தார். பிறகு ஊர், பிறகு வேலை, பிறகு கல்யாணம்.

வி.ஏ.ஓ. வந்துபோன அன்று சாயங்காலம் அம்மா அழுதுகொண்டிருந்தார். அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். அண்ணி பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் மட்டும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பாவின் ஜீப்பைக் கழுவினார். கழுவிக்கொண்டே பாடினார். அவர் பாடி நான் அதுவரை கேட்டதே இல்லை. இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிவிட்டு ஒரு ஆளால் எப்படிப் பாட முடிகிறது என்று, படியில் உட்கார்ந்து அவரையே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.