தோற்ற அரசாங்கத்தின் காசை மதிப்பிட்டவர்

அந்தச் சனிக்கிழமை காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, யோகராணி அக்காவுக்கு ஒரு படம் அனுப்பியது. பழைய அமெரிக்க நோட்டு ஒன்றின் கையெழுத்துப் பகுதி. பேனாவா, அச்சா என்று கேட்டிருந்தேன். அவர் எண்ணிலிருந்துதான் பதில் வந்தது. எழுதியவர் அவருடைய மகள். அம்மா விடியற்காலையில் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. அதைப் படித்த பிறகும், நான் அனுப்பிய படம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் விளங்கவில்லை. முந்தின நாள் மாலைதான் கார் நிறுத்துமிடத்தில், "திங்கள் பாப்பம்" என்று கையசைத்துவிட்டுப் போனார்.

மெல்பன் ஏல நிறுவனம் ஒன்றில் பழைய காகிதப் பணத்தையும் கடன்பத்திரங்களையும் மதிப்பிடும் பிரிவில் நாங்கள் இருவர்தான். அவர் யாழ்ப்பாணத்தில் வங்கியில் இருந்தவர். நான் கோயம்புத்தூரில் வரலாறு படித்தவள். அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்து போய்த் தோற்ற தென் மாநிலங்களின் நோட்டுகளும் பத்திரங்களும் அவருக்குப் பிடித்த வேலை. இங்குள்ள பழைய வீட்டுப் பெட்டிகளில் அவை இன்னும் அகப்படுகின்றன.

நான் சேர்ந்த புதிதில் ஒரு நோட்டுக் கட்டை என் முன்னால் வைத்து, "ஓரத்தைப் பாரும். கத்தரிக்கோலால வெட்டினது, நேரா இராது. நேரா இருந்தா சந்தேகப்படும்" என்றார். அவர் என்னை 'நீர்' என்று அழைத்தது எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பருத்திக் காட்டில் அடிமைகள் மண் கொத்தும் படம் போட்ட நோட்டுகளும் வரும். "இந்தச் சனத்தைப் பிடிச்சு வச்சுக்கொண்டு, அதின்ர படத்தையே காசில அடிச்சிருக்கிறாங்கள்" என்று ஒருமுறை சொன்னார்.

கெட்ட செய்தி சொல்வது எப்போதும் அவர் வேலை. தாத்தாவின் பெட்டியோடு ஓர் ஆஸ்திரேலியர் வந்தார். உள்ளே இருந்தவை அத்தனையும் சுற்றுலாக் கடைகளில் விற்கும் நகல்கள். அக்கா தன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அசல் நோட்டு ஒன்றையும் எடுத்து வைத்து, இரண்டையும் அவரையே பார்க்கச் சொன்னார். படம் யாருடையது, எங்கே அச்சானது என்று பேசிக்கொண்டே போனார். கடைசியில் அந்த மனிதரே, "அப்ப இது ஒண்ணுமில்லை, அப்படித்தானே?" என்று கேட்டுச் சிரித்துவிட்டார். இவ்வளவு நேரம் எதற்கு, ஒரு மெயிலில் முடித்திருக்கலாமே என்றேன். "அவர் தானாச் சொல்ல நேரம் குடுக்க வேணும், பிள்ளை. நாங்கள் முந்தினா அது அடி."

சென்ற வாரம் ரோவில் என்ற புறநகரிலிருந்து ஒரு தமிழர் வந்தார். முதியோர் இல்லத்தில் வேலை. இரவில் இன்னொரு வேலை. பழைய சாமான் விற்பனையில் வாங்கிய படச் சட்டத்தின் பின்னால் அந்தத் தென் மாநிலங்களின் கடன்பத்திரம் ஒன்று இருந்ததாம். கொண்டு வரும் முன் அதை லேமினேட் செய்திருந்தார். அக்கா நெற்றியில் கை வைத்தார்.

"ஏன் தம்பி இப்பிடிச் செய்தனீங்கள்?"

"பழுதாப் போகாமல் இருக்கட்டும் எண்டுதான் அக்கா. இடம்பெயர்ந்து திரியேக்க பிறப்புச் சான்றிதழ் எல்லாம் இப்பிடித்தானே காப்பாத்தினனாங்கள்."

"ஓம், என்னட்டையும் கிடக்கு" என்று அக்கா சொல்ல, இருவரும் சிரித்தார்கள். இத்தனை வருட வட்டியையும் சேர்த்து அமெரிக்கா தரும் என்று இணையத்தில் யாரோ அந்தத் தமிழருக்குச் சொல்லியிருந்தார்கள். இரவு வேலையை விடப் போவதாக மனைவியிடமும் சொல்லிவிட்டாராம்.

அவர் போன பிறகு அக்கா பத்திரத்தை விளக்கடியில் நெடுநேரம் பார்த்தார். அசல்தான். ஒவ்வொரு வட்டித் தவணைக்கும் வெட்டிக் கொடுக்க வேண்டிய சிறு சீட்டுகளில் கடைசிச் சில வெட்டப்படாமலே இருந்தன. அந்தத் தவணைகள் வருவதற்குள் அரசாங்கம் போய்விட்டது. "தோத்த அரசாங்கத்தின்ர கடனை ஆர் கட்டுவினம்?" என்றார், என்னைப் பார்க்காமல். சேகரிப்பவர்கள் ஏதாவது கொடுத்திருப்பார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக் அதையும் கெடுத்துவிட்டது. போனில் சொல்லிவிடவா என்று கேட்டேன். "வேண்டாம். திங்கள் வரச் சொல்லியிருக்கிறன். நான் சொல்லுறன்."

சனிக்கிழமை அவர் இல்லை. சொல்ல நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குக் காட்டியவரின் மரணம் எனக்கு ஒரு வரியில் வந்தது. அந்த மகளைக் குறை சொல்லவில்லை. அவளுக்கு அது எப்படி வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

திங்களன்று அந்தத் தமிழரின் வருகையை அலுவலகமே ரத்து செய்தது. மதிப்பில்லாதவற்றுக்கு அனுப்பும் வழக்கமான மெயிலை அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறார் மேலாளர். அதில் அந்த மனிதரின் பெயரை மட்டும் நிரப்பினால் போதும். ஈமச்சடங்கில் மற்றவர்கள் அழுதபோது எனக்குக் கண்ணீர் வரவில்லை. அந்த மெயிலைத் திறந்தபோது வந்தது.

போய் வாருங்கள், அக்கா. இப்படிச் செய்திகளைச் சொல்ல எனக்கு வராது, பாதியிலேயே நானே முந்திவிடுவேன் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் மெயிலை அழித்துவிட்டேன். இந்த அஞ்சலி அச்சாகும் முன், வரும் ஞாயிறு காலை, பத்திரத்தை எடுத்துக்கொண்டு ரோவிலுக்குப் போகப் போகிறேன். மேலாளரிடம் கேட்கவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை.