ஊசி போடாத டாக்டரம்மா

ஊசி போடாமல், மாத்திரை கொடுக்காமல், உட்கார்ந்து பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிற வேலை என்னுடையது. அதனால் எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் இதை யாரும் ஒரு வேலை என்றே ஒப்புக்கொள்வதில்லை. மனநல வண்டியில் ஊர் ஊராகப் போகும் ஆலோசகர் நான். அப்பாக்களின் குடி, பிள்ளைகளின் பயம், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிற அடம், எல்லாம் என் தலையில் வந்து விழும். டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் வருவார். மற்ற நாட்களில் நானும் டிரைவர் செல்வராசு அண்ணனும்தான். வகுப்பில் கத்துகிற டீச்சர்கள், பேங்க் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர்கள், இன்சூரன்ஸ் விற்பவர்கள், சொன்னதையே நாள் முழுக்கச் சொல்லித் தொண்டை காய்ந்த எல்லோருக்கும் என் கஷ்டம் புரியும்.

வண்டி நிற்கும் இடம்

நார்த்தாமலைப் பக்கம் ஒரு ஊரில் வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தியிருந்தோம். எதிர்வீட்டு அம்மா வேகமாக வந்தார். மகளுக்கு வரன் பார்க்கிறார்களாம், வண்டியில் இவ்வளவு பெரிசாக மனநலம் என்று எழுதியிருந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்றார். நகர்த்தினோம். ரேஷன் கடைக்காரர் அங்கே வேண்டாம் என்றார். பால் சொசைட்டியிலும் அதே கதை. கடைசியில் ஊருக்கு வெளியே, கண்மாய்க் கரையில், மொட்டை வெயிலில் போய் நின்றோம். ஒரு ஆள்கூட வரவில்லை.

செல்வராசு அண்ணன் வண்டியைக் கிளப்பப் போன நேரத்தில், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு கரையோரமாக அதே அம்மா வந்தார். கல்யாணப் பேச்சு எடுத்ததிலிருந்து மகள் தூங்குவதில்லை, தனியாக உட்கார்ந்து அழுகிறாள், யாராவது அவளிடம் பேசினால் தேவலை என்று கண்கலங்கினார். இதை வேப்பமரத்தடியிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"அங்க எப்படி மேடம் சொல்றது? வண்டி எங்க வீட்டு வாசல்லதானே நின்னுச்சு."

மீன்குழம்பு

மீமிசலில் ஒரு பெண். கணவர் கடலுக்குப் போகிறவர். கரைக்கு வந்தால் குடி. அவர் அடித்துவிடுவாரோ என்று பிள்ளைகள் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்துக்கொள்கிற நிலைமை. அந்த அம்மா என்னிடம் கேட்டதெல்லாம், அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்க, குடியை நிறுத்துகிற ஒரு மருந்து. தெரியாமல் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து, அவரே சம்மதித்து டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று விதவிதமாகச் சொன்னேன். தலையாட்டினார். கூட நின்ற சின்ன மகளும் தலையாட்டினாள்.

அடுத்த தடவை போனால் தாயும் பிள்ளைகளும் வாடி வதங்கிக் கிடக்கிறார்கள். குடியை நிறுத்தும் என்று யாரோ விற்ற பொடியை வாங்கி அந்த அம்மா மீன்குழம்புச் சட்டியில் போட்டிருக்கிறார். குடிக்காதவர்களை அது ஒன்றும் செய்யாது என்று விற்றவன் சொன்னானாம். எல்லோருக்கும் வாந்தி, மயக்கம், ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ். எனக்கு அப்படியொரு கோபம். அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? கொஞ்சம் ஆறிய பிறகு, கணவருக்கு என்ன ஆனது என்று கேட்டேன்.

"அவரு அன்னைக்கு வெளியவே பரோட்டா தின்னுட்டு வந்துட்டாரு மேடம். எங்களத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனதே அவருதான்."

வீடியோ கால்

திருமயம் பக்கம் ஒரு பத்தாம் வகுப்புப் பெண். பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரத்தில் வயிற்றுவலி வந்து சுருண்டுவிடுவாள். ஸ்கேன் எடுத்தாயிற்று, மந்திரித்தாயிற்று, ஒன்றும் இல்லை. கடைசியில் என்னிடம் வந்தார்கள். அப்பா வளைகுடாவில். அவரைக் கேட்காமல் அம்மா எதுவும் செய்யமாட்டார் என்பதால், என் மேசையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்து வீடியோ கால் போட்டுவிட்டார். நான் பெண்ணைக் கேட்டால் போன் பதில் சொல்கிறது. சரியாகச் சாப்பிடுகிறாயா என்றால், சாப்பிடுகிறாள் என்கிறது. எதற்காவது பயமா என்றால், பயமெல்லாம் கிடையாது, எல்லாம் நடிப்பு, தான் இங்கே வெயிலில் வேகுவதே இவள் டாக்டராக வேண்டும் என்றுதான் என்கிறது. பெண் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே போனைக் கட் செய்தேன். அம்மாவையும் வெளியே உட்காரச் சொன்னேன்.

அப்புறம்தான் அவள் வாய் திறந்தாள். பரீட்சைக்குப் பயமில்லையாம். ராத்திரி வருகிற போனுக்குத்தான் பயம். சாப்பிட்டியா என்று கேட்கும் முன்பே, இன்றைக்கு எத்தனை மார்க் என்றுதான் அப்பா ஆரம்பிப்பாராம். இதை அப்பாவிடம் நான் சொல்லலாமா என்று கேட்டேன். சரி என்றாள்.

போன் திரும்ப அடித்தது. சண்டைக்குத் தயாராக எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அப்பா சத்தம் போடவில்லை. மகள் என்ன சொன்னாள் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். மார்க்கை விட்டுவிட்டு வேறு ஏதாவது கேட்டுப் பாருங்கள் என்றேன்.  அவர் மெதுவாகச் சொன்னார்:

"வேற என்ன கேக்குறதுன்னு தெரியல மேடம். அவ மூணாவது படிக்கிறப்ப நான் இங்கிட்டு வந்தேன்."

பதினாறாம் வாய்ப்பாடு

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வகுப்பில் தூங்கி விழுகிறான் என்று அவன் டீச்சர் சொல்லி அனுப்பினார். விசாரித்தால், கொத்தனார் அப்பாவை டாஸ்மாக் வாசலிலிருந்து ராத்திரியில் கைப்பிடித்துக் கூட்டிவருவது அவன் அன்றாட வேலை. ஒருநாள் ரோட்டில் லாரிக்கு இருவரும் தப்பியதே பெரிசு. அதற்குப் பிறகு பையன் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டான். அப்பா எந்நேரம் குடிக்கக் கிளம்பினாலும், கூடப் போகத் தான் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவன் நியாயம்.

அந்தக் கொத்தனாரோடு நான் பட்ட பாட்டுக்கு ஒரு வீடே கட்டியிருக்கலாம். வருவார், ஓடுவார். குடிமீட்பு வார்டில் சேர்ந்தார், திருவிழாவுக்கு வீட்டுக்குப் போய் மறுபடி குடித்தார். தானாகவே திரும்பி வந்து தலையைக் குனிந்து நின்றார். ஒருவழியாகச் சித்திரையிலிருந்து குடியைத் தொடவில்லை. பையனும் பள்ளிக்கூடம் போகிறான். பெருமை தாங்காமல் அவனைக் கூப்பிட்டு, வீடு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஒரு நன்றியாவது வரும் என்று எதிர்பார்த்தேன்.

"முன்னெல்லாம் அப்பா சாயங்காலம் வீட்டுலயே இருக்கமாட்டாரு மிஸ். இப்ப சீக்கிரமே வந்து உக்காந்துக்கிட்டு, பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்றாரு. இதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்கா?"

குணமாகாவிட்டாலும் புகார், குணமானாலும் புகார் என்று ஆனபிறகும், புகார் சொல்லவாவது மனசு திறக்கிறார்களே என்பதுதான் இந்த உத்தியோகத்தில் நான் கண்ட ஒரே இன்கிரிமென்ட்.