ஒன்பதாவது அடுக்கு

சௌந்தரத்தின் இரண்டு கையும் பூந்தியில் இருந்தன. ஒரு பிடி அள்ளுவாள், அழுத்துவாள், உருட்டுவாள், தட்டில் வைப்பாள். வைத்த கை திரும்புவதற்குள் மற்றக் கை அடுத்த பிடியை அள்ளியிருக்கும். எதிரே கணவர் கண்ணாயிரம் அடுக்கு வாரியாக லட்டுகளைப் பிரித்து டின்களில் வைத்துக்கொண்டிருந்தார். டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கண்டாலும் எண்ணிவிடுவார்.

மஞ்சக்குப்பத்தில் லட்டுக் கோபுரம் என்றால் சௌந்தரம்தான். பிறந்தது குறிஞ்சிப்பாடி. செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் பல வருஷம் நின்றே சமைத்தாள். முழங்கால் வீங்கியதும் வேலையை விட்டாள்; கையைச் சும்மா வைக்கவில்லை. சீர்த்தட்டுகளுக்கு லட்டு அடுக்கத் தொடங்கினாள். அடியில் முக்கோணமாக நெருக்கி வைத்து, அவற்றின் நடுவே விழும் பள்ளங்களில் அடுத்த அடுக்கு, அதன் மேல் அடுத்தது, உச்சியில் ஒரே ஒரு லட்டு. எல்லாரும் கேட்பது ஐந்து அடுக்கு. அதற்கு முப்பத்தைந்து லட்டு.

சீர் என்றால் எல்லாம் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். அடுக்கும் ஒற்றைப்படை, லட்டும் ஒற்றைப்படை. ஐந்து அடுக்கில் இரண்டும் தானாகவே அமைந்தன. அடுக்கு ஒற்றை என்றால் எண்ணிக்கையும் ஒற்றையாகத்தான் வரும் என்று சௌந்தரம் முடிவு கட்டிவிட்டாள். வேறு அடுக்கு யாரும் கேட்டதில்லை. சோதித்துப் பார்க்க வாய்ப்பும் வரவில்லை.

சிதம்பரத்திலிருந்து ராஜ்கமல் வந்தபோதும் அதையே சொன்னாள். அவனுடைய அக்கா மகள் சிந்துஜாவுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் சீரில் ஏழு அடுக்குக் கோபுரம் வேண்டும் என்றான்.

"ஒத்தப்படையா வருமாக்கா? பொண்ணோட அத்தை அமிர்தம் ஒண்ணு விடாம எண்ணும். போன கல்யாணத்துல ஆப்பிள் ரெட்டப்படையா இருக்குன்னு சபையிலயே தட்டைத் திருப்பி அனுப்பிச்சுது."

"அடுக்கு ஒத்தைன்னா லட்டும் ஒத்தைதான் தம்பி. நான் சொல்றேன், போ."

கடலூரைத் தாண்டி அவளுக்கு வந்த முதல் ஆர்டர் அது. சபை நடுவில் தட்டு திரும்பினால் சிதம்பரத்தில் இன்னொரு ஆர்டர் வராது. தாய்மாமன் தலையும் குனியும்.

அந்த ஏழு அடுக்குக்கான கடைசி டின்னை மூடிய கண்ணாயிரம் நிமிர்ந்தார்.

"சௌந்தரம், மொத்தம் எண்பத்திநாலு."

"சரியா எண்ணுங்க."

"இருபத்தெட்டு, இருபத்தொண்ணு, பதினஞ்சு, பத்து, ஆறு, மூணு, ஒண்ணு. எண்பத்திநாலு. ரெட்டப்படை."

சௌந்தரம் நெய்க் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உச்சியில ரெண்டா வச்சிடேன்," என்றார் கண்ணாயிரம்.

"கொம்பு மொளைச்ச மாதிரி இருக்கும்."

"அப்ப மேல இருக்கறத நான் தின்னுடறேன். எண்பத்திமூணு ஆயிடும்."

"மொட்டைக் கோபுரம் அடுக்கவா நான் சிதம்பரம் போறேன்? சும்மா இருங்க."

தாம்பாளத்தில் கொஞ்சம் கடலைமாவு மிச்சமிருந்தது. அதைப் பரப்பி, விரலால் எழுதினாள். ஓர் அடுக்குக்கு 1. இரண்டுக்கு 4. பிறகு 10, 20, 35, 56, 84. எழுதியதைத் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். வாய் முணுமுணுத்தது.

"ஒத்தை. ரெட்டை, ரெட்டை, ரெட்டை. ஒத்தை. ரெட்டை, ரெட்டை..." விரல் மாவின் ஓரத்துக்குப் போயிற்று. "ஒரு ஒத்தை வந்தா பின்னாடியே மூணு ரெட்டை வருதுங்க. எட்டாவதும் ரெட்டை. ஒன்பது அடுக்கு வச்சா ஒத்தை!"

"அஞ்சு அடுக்கை மட்டும் பாத்துட்டுத்தான் ஏழையும் சொன்ன."

"அதான் நீங்க இருக்கீங்களே. கூட்டிப் பாருங்க."

கண்ணாயிரம் கண்ணை மூடிக்கொண்டார். எட்டாவது அடுக்குக்கு முப்பத்தாறு சேர்த்தார், நூற்றிருபது. ஒன்பதாவதுக்கு நாற்பத்தைந்து. கண்ணைத் திறந்தார். "நூத்தி அறுபத்தஞ்சு."

"எண்ணாமலே சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. ஆனா பூந்தி ஏது? மாவெல்லாம் தீந்துபோச்சே."

சௌந்தரம் லட்டுகளைப் பார்த்தாள். இன்னும் இளகலாகத்தான் இருந்தன. ராஜ்கமலுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னாள்.

"தம்பி, ஏழு அடுக்குல ரெட்டப்படை வருது. நான் சொன்னது தப்பு. ஒன்பதுன்னா சரியா வரும். ஆனா லட்டு கொஞ்சம் சின்னதாத்தான் பிடிக்கணும். சம்மதமா?"

"ஒன்பது அடுக்கா! ஜாஸ்தியாவே இருக்கட்டுங்க்கா. அத்தை எண்ணிக்கையைத்தான் பாக்கும், அளவைப் பாக்காது."

அத்தனை லட்டையும் உதிர்த்தாள். வெதுவெதுப்பான நெய்யில் உள்ளங்கையை நனைத்துக்கொண்டு, பெரிய நெல்லிக்காய் அளவில் முதலிலிருந்து பிடித்தாள். கண்ணாயிரமும் கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். அவர் பிடித்தவை கோழிமுட்டை மாதிரி வந்தன. "இதெல்லாம் நடுவுல, வெளிய தெரியாத எடத்துல வச்சிடலாம்," என்று அவர் சொல்லியும் அவள் ஒவ்வொன்றையும் மறுபடி உருட்டினாள். தெரு விளக்கு எரிவதற்குள் டின்கள் நிறைந்தன.

மறுநாள் காலை சிதம்பரத்து மண்டபத்தில், பெரிய தாம்பாளத்தின் முன் சௌந்தரம் சம்மணமிட முடியாமல் முக்காலியில் உட்கார்ந்து அடுக்கினாள். அமிர்தம் நாற்காலியை இழுத்துப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார்.

"அடுக்கினப்புறம் உள்ள இருக்கறது தெரியாதில்ல? அதான் இப்பவே எண்ணிக்கிறேன்."

"எண்ணுங்கம்மா. எனக்கும் தொணையா இருக்கும்."

அமிர்தம் வாய்விட்டு எண்ணினார். ராஜ்கமல் வேட்டி நுனியைப் பிடித்தபடி தூணோரம் நின்றான். உச்சி லட்டைச் சௌந்தரம் அமிர்தத்தின் கையிலேயே கொடுத்தாள்.

"நூத்தி அறுபத்தஞ்சு," என்று சொல்லி அமிர்தம் அதை வைத்தார். கோபுரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். "ஏன்டா ராஜ்கமல், தாய்மாமன்னா நீதான்டா. இந்தாம்மா, தை மாசம் என் பேரனுக்குக் காது குத்து. பதினோரு அடுக்கு வைப்பியா?"

சௌந்தரம் முந்தானைக்குள் விரல் மடக்கினாள். பத்து ரெட்டை, பதினொன்று ரெட்டை, பன்னிரண்டு ரெட்டை.

"பதினொண்ணு வேணாம்மா, ரெட்டப்படை வரும். ஒன்பது வைங்க. இல்லன்னா பதிமூணு."

"பதிமூணே வை," என்றார் அமிர்தம்.

திரும்பும் பஸ்ஸில் காலி டின்கள் காலடியில் உருண்டன. ஆலப்பாக்கம் தாண்டும்வரை கண்ணாயிரம் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார்.

"நானூத்தி அம்பத்தஞ்சு. ஒத்தைதான் சௌந்தரம்!"

"அது எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "அவ்ளோ பூந்தி யாரு பொரிக்கிறதுன்னுதான் யோசிச்சிட்டு வரேன்."