அலைச் சத்தத்தில் கூப்பிட்ட பேர்

மூன்று வருஷத்துக்கு முன்பு, அமெரிக்காவில் வேலை பார்க்கும் எங்கள் மகன் என்னையும் அவன் அத்தாவையும் ஹவாய்த் தீவுக்குக் கூட்டிப்போனான். விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் கடை வைத்திருக்கிறோம்; எனக்கு அதுவரை தெரிந்த கடற்கரை கடலூர்தான்.

அந்தத் தீவில் கடலோரமாக ஒரு அரசுப் பூங்கா. மணலெல்லாம் கரிப்பொடி போலக் கறுப்பு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த பாறையும் அதே கறுப்பு. ஓரத்தில் நம் ஊர்த் தாழை மாதிரியே புதர்கள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அப்பாடா என்றிருந்தது. என்னவருக்கோ கால் தரையில் நிற்கவில்லை. கல்யாணமாகி முக்கால்வாசிக் காலத்தைச் சவூதியில் கழித்துவிட்டு, ஊர் திரும்பிக் கடை வைத்தவர். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஊர் சுற்றிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. புது மாப்பிள்ளை மாதிரி முன்னால் முன்னால் நடந்தார். அந்த நடை இன்னமும் கண்ணிலேயே நிற்கிறது.

மகன் தண்ணீர் பாட்டில் எடுக்கக் காருக்குப் போயிருந்தான். அந்த நேரம் பார்த்து இவர் படம் பிடிக்கிறேன் என்று போனைத் தூக்கிக்கொண்டு பாறை விளிம்புக்கே போய்விட்டார். அவர் பார்க்காத பக்கத்திலிருந்து பெரிய அலை ஒன்று எழும்பி வந்தது. "ஏங்க! ஏங்க!" என்று கூப்பிட்டேன். என் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள். இவர் திரும்பவில்லை.

எங்கள் வீட்டுப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால்கூட நான் மகனை விட்டுத்தான் சொல்லச் சொல்வேன். அன்றைக்கு எங்கிருந்துதான் வந்ததோ, அடிவயிற்றிலிருந்து அவர் பேரைச் சொல்லிக் கத்தினேன்.

திடுக்கிட்டுத் திரும்பியவர், என்னமோ ஏதோ என்று என்னிடம் ஓடி வந்தார். அவர் நின்ற இடத்தில் ஆளுயரத்துக்கு மேல் தண்ணீர் எழும்பி அடித்தது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

முதுகெல்லாம் நனைந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, "ஏம்மா, எம்பேரு உனக்குத் தெரியுமா?" என்றார்.

"நிக்கா அன்னிக்கு சம்மதம் கேக்க வந்தவங்க சொன்னாங்களே, காதுல வுழாமலா இருக்கும்?" என்றேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இப்போதும் கடையில் கூட்டம் இல்லாதபோது, "இன்னொரு தடவ கூப்புடேன்" என்று வம்புக்கு இழுப்பார். வெட்கம் பிடுங்கித் தின்னும். "போங்க, வேலயப் பாருங்க" என்று விரட்டிவிடுவேன். ஆனால் சரக்கு எடுக்க அவர் பஸ் ஏறும்போதெல்லாம் அந்தப் பேரை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். வருஷக்கணக்காக அவரை விமானம் ஏற்றி அனுப்பிவிட்டு வாய்மூடி இருந்த எனக்கு, கூப்பிட்டால் வந்துவிடுவார் என்ற தைரியத்தைக் கொடுத்தது அந்தக் கறுப்புப் பாறைதான்.