கல்லை எடுக்க விடாத வள்ளியம்மை ஆச்சி

வள்ளியம்மை ஆச்சி இறந்த செய்தி எனக்குக் காலைப் பஸ்ஸில் வந்தது. காரைக்குடி ஆஸ்பத்திரியில் அவருக்குத் துணையாக இருந்த சமையல்காரப் பெண் பஸ்ஸை விட்டு இறங்கி, தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என் வாசலுக்கு வந்தாள். "ஆச்சி போயிட்டாக" என்றாள். நான் அழவில்லை. "யாருடி சொன்னா?" என்று அவளிடமே சண்டைக்குப் போனேன். அவள் கையில் ஆச்சியின் வெள்ளைப் புடவை மடித்தபடி இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஆச்சியின் படத்தைத் திறக்கிற இன்றைக்கு நானும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். உங்களில் பாதிப் பேர் எங்கள் ஊருணித் தெருவில் சைக்கிள் பழகியவர்கள். அது எப்போதும் இப்படியே இருந்த தெரு என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இல்லை.

அறுபதுகளில் அது லாரித் தெரு. ஊருக்கு வெளியே அரிசி மில் வந்ததிலிருந்து நெல் மூட்டை லாரிகள் எல்லாம் எங்கள் வாசலை உரசிக்கொண்டுதான் போகும். ஊருணிக் கரையைச் சுற்றி வண்டிப்பாதை ஒன்று உண்டு. கொஞ்சம் சுற்று என்று அதில் போக மாட்டார்கள். பள்ளிக்கூடமோ எங்கள் தெருக் கோடியில். லாரி வந்தால் பிள்ளைகள் திறந்த சாக்கடைப் பக்கம் ஒதுங்க வேண்டும். ஒதுங்கி ஒதுங்கிச் சாக்கடையிலேயே விழுந்த பிள்ளைகள் உண்டு.

ஒரு நாள் என் மகள் செல்லம் பள்ளிக்கூடம் போகும்போது, லாரியின் பக்கவாட்டுக் கொக்கியில் அவள் தாவணி மாட்டிக்கொண்டது. கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. தாவணி கிழிந்ததால் பிள்ளை மிஞ்சினாள். தாவணி லாரியோடு போய்விட்டது. கையும் முழங்காலும் சிராய்த்து, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றாள். எதிர்வீட்டிலிருந்து ஆச்சிதான் ஓடிவந்து தன் புடவைத் தலைப்பைப் போர்த்தி அழைத்து வந்தார். மில்காரர் வீட்டிலிருந்து ஒரு ஈ காக்கைகூட வந்து விசாரிக்கவில்லை. அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு நான் இன்றுவரை போனதில்லை, போகப்போவதும் இல்லை.

என் வீட்டுக்காரர் அன்றைக்கே சொல்லிவிட்டார். "வயசுப் பிள்ளை தாவணியில்லாம தெருவில நின்னிருக்கு. படிச்சது போதும்."

செல்லம் சாப்பிடவில்லை. எனக்குக் கிடைக்காத படிப்பு அவளுக்காவது வாய்க்கட்டும் என்று இருந்தவள் நான். ஆச்சி எங்கள் வீட்டுக்கு வந்து அவரையே கேட்டார். "தெருவைச் சரி பண்ணிட்டா அனுப்புவீகளா?"

"பண்ணுங்க, அனுப்புறேன். ஆனா ஆச்சி, மோட்டார் ஒண்ணு உள்ள வந்துச்சுன்னாலும் அன்னிக்கே நிப்பாட்டிருவேன்."

"சரி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். சரி என்பதை அவ்வளவு லேசாகச் சொன்ன மனுஷியை நான் பார்த்ததில்லை.

அப்போது அவர் பஞ்சாயத்தில் பெண் மெம்பர். ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்ற சட்டத்துக்காகச் சேர்த்தது. கணவர் இல்லாதவர், வாசல் தாண்டாதவர், வாயைத் திறக்க மாட்டார் என்று நினைத்துத்தான் அவர் பெயரைப் போட்டார்கள். அந்த மாதக் கூட்டத்துக்கு அவர் நேரில் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

தலைவர் பதறிவிட்டார். "ஆச்சி, நீங்க எதுக்கு அலையிறீக? கையெழுத்துக்கு வீட்டுக்கே ஆளனுப்ப மாட்டமா?"

"கையெழுத்துப் போடத்தான் வந்தேன். என்ன எழுதணும்னு சொல்றேன், எழுதுங்க."

மில்காரரும் ஒரு மெம்பர். "லாரி போற தெருவில பிள்ளைகளுக்கு என்ன வேலை?" என்றார்.

"பிள்ளைக போற தெருவில லாரிக்கு என்ன வேலை?" என்றார் ஆச்சி. குரலை உயர்த்தவே இல்லை.

பிறகு அவர் சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது. செட்டிமார் வீடெல்லாம் இந்தத் தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீண்டு கிடப்பதுதானே? "முன்வாசல் தெரு மனுசருக்கும் சைக்கிளுக்கும். சாமான் வண்டியெல்லாம் பின்வாசல் தெருவுக்கு. லாரி ஊருணியைச் சுத்திப் போகட்டும்" என்றார். தெருவின் இரண்டு முனையிலும் கல் நட வேண்டும், ஆளும் சைக்கிளும் மட்டும் நுழைகிற இடைவெளி விட வேண்டும், சாக்கடைக்குப் பலகைக்கல் மூடி அதன்மேல் நடக்கப் பாதை போட வேண்டும். இவ்வளவையும் ஒருவர் யோசித்து வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் அடுப்படியில் இருந்திருக்கிறாரே என்று நான் வாயைப் பிளந்து நின்றேன். மெம்பர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் தீர்மானம் நிறைவேறிவிட்டது. பிள்ளை இல்லாத மெம்பர் அங்கே யார் இருந்தார்கள்?

வேலை தொடங்கியது. நடைபாதைக்குக் குறுக்கே தெருவில் நீட்டிக்கொண்டிருந்த வாசற்படிகளை உடைக்க வேண்டும் என்றார்கள். நான் வெளியே போய்த் திரும்புவதற்குள் என் வீட்டுப் படி போயிருந்தது. என் மாமனார் போட்ட படி. நான் ஆங்காரமாக எதிர்வீட்டுக்குப் போனேன்.

"ஏன் ஆச்சி, ஏழை வீட்டுப் படிதான் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சா? உங்க வீட்டுப் படியை உடைச்சீகளா?"

"எதில ஏறி வந்த?" என்று கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெரிய வீட்டு முகப்பில், யானை முகம் செதுக்கிய கைப்பிடிக் கல்லோடு இருந்த படிகளைக் காணோம். மண்ணைக் குவித்து அதன்மேல் ஒரு பலகையைப் போட்டிருந்தார்கள். நான் அதில்தான் ஏறி வந்திருக்கிறேன், கோபத்தில் தெரியவில்லை. "முதல்ல என்னோடதுதான் போச்சு. ஆளுக யாருக்கும் கை வரலை. நான் பக்கத்தில நின்னுதான் உடைக்கச் சொன்னேன்" என்றார். ஆனாலும் என் படி என் படிதான். அதற்காக அவரோடு ஒரு பொங்கல் வரைக்கும் பேசாமல் இருந்தேன். அவரும் என்னைச் சமாதானம் செய்ய வரவில்லை. தினமும் காலையில் செல்லம் பள்ளிக்கூடம் போவதை மட்டும் வாசலில் நின்று பார்ப்பார்.

அடுத்த வருஷம் ஆச்சியின் ஒரே மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தேவகோட்டை. கோயிலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு பெரிய பிளசர் காரில், மேளதாளத்தோடு வந்தது. தெருமுனையில் கல்லுக்கு முன்னால் நின்றது.

சம்பந்தி இறங்கினார். "என்ன இது? கல்லைப் பிடுங்குங்க."

"பின்தெரு வழியா கார் வரும்" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"மாப்பிள்ளையைப் பின்வாசல் வழியாக் கூப்பிடுறீகளா? அடுப்படிக்குக் காய்கறி கொண்டாந்தவனா அவன்?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எந்த வீட்டில் மாப்பிள்ளையைப் பின்கட்டு வழியாக அழைப்பார்கள்? கடப்பாரையோடு இரண்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். "இந்த ஒரு தடவைதானே, அப்புறம் நட்டுக்கிடலாம்" என்று ஆச்சியின் சொந்தக்காரர்களே சொன்னார்கள். என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மோட்டார் உள்ளே வந்தால் படிப்பை நிறுத்துவேன் என்று ஆச்சியிடம் சொன்னவர். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும், செல்லத்துக்கும் தெரியும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கணவனை இழந்தவர்கள் மாப்பிள்ளை அழைப்புக்கு எதிரே வருவதில்லை. பெற்ற தாயாக இருந்தாலும் பின்கட்டில்தான் இருக்க வேண்டும். அதுதான் வழக்கம். ஆச்சியும் அங்கேதான் இருந்தார். யார் போய்ச் சொன்னார்களோ, அந்த வீட்டு நீளம் முழுக்க நடந்து, முகப்பு வழியாக இறங்கி, வெள்ளைப் புடவையோடு தெருவில் வந்தார். மேளம் நின்றுவிட்டது. கூட்டம் தானாக விலகியது. கல்லுக்குப் பக்கத்தில் வந்து அதன்மேல் கையை வைத்தார்.

சம்பந்தி முகம் சிவந்துவிட்டது. "நல்ல காரியத்துக்கு எதிர இப்படி வந்து நிக்கிறீகளே ஆச்சி!"

"என் முகத்தில முழிக்கக் கூடாதுன்னா மாப்பிள்ளை கண்ணை மூடிக்கிட்டு வரட்டும். கல்லு அதோட எடத்திலதான் இருக்கும். இன்னைக்கு உங்களுக்கு எடுத்தா, நாளைக்கு ஒவ்வொரு லாரியும் கல்யாண வீட்டுக்குத்தான் வருதும்பான்."

மகளின் கல்யாணம் அந்தக் கல்லின் மேல் நின்றது. சம்பந்தி காரைத் திருப்பச் சொல்லியிருந்தால் திரும்பியிருக்கும். ஆச்சியின் கை நடுங்கியதை நான் பார்த்தேன். ஆனால் கையை அவர் எடுக்கவில்லை. யாரோ பெற்ற பிள்ளையின் படிப்புக்காகத் தான் பெற்ற பிள்ளையின் மாலையைப் பணயம் வைக்க ஒரு தாயால் முடியுமா? என்னால் முடிந்திருக்காது.

காருக்குள் இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை கதவைத் திறந்து இறங்கினார். "கண்ணை மூடிக்கிட்டு வந்தா கல்லுல முட்டிக்குவேன். தொறந்துக்கிட்டே வாரேன்" என்றார். மாலை கசங்காமல் பக்கவாட்டில் திரும்பி, கல் சந்துக்குள் நுழைந்து ஆச்சியின் முன்னால் வந்து நின்று கும்பிட்டார். மேளம் வெடித்தது. தெரு நெடுக, படி இல்லாத வாசல்களில் எல்லாம் பெண்கள் ஆரத்தியோடு நின்றார்கள். நடந்து வந்ததால் ஒவ்வொரு வாசலிலும் நின்று வர மாப்பிள்ளைக்கு வெகு நேரம் ஆயிற்று. என் வீட்டுக்காரர் செல்லத்தைப் பார்த்து, "நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டுல்ல?" என்றார்.

செல்லம் பள்ளி இறுதி வகுப்பு வரை படித்து முடித்தாள். பிறகு அவள் வாத்தியாரம்மா ஆனதும், எனக்குப் பேத்தி பிறந்ததும் உங்களுக்குத் தெரியும்.

ஆச்சியின் உடல் வீட்டுக்கு வந்த அன்று, மாலை போட வருகிற பெரிய மனிதர்களின் கார்களுக்காகக் கல்லை எடுக்கலாம் என்று பேச்சு எழுந்தது. இந்த ஒரு தடவைதானே என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் எழுந்து தெருமுனைக்குப் போனேன். முதலில் வந்தது மில்காரரின் கார். ஹாரன் அடித்தார். நான் கல்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். இறங்கினார், செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு என்னைக் கடந்து நடந்து போனார். என் கையும் நடுங்கத்தான் செய்தது. ஆச்சியிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான்: நடுங்குகிற கையையும் எடுக்காமல் வைத்திருக்கலாம்.