உலையை விட்டு வெளியேறுபவை

என் அக்கா மகள் சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவி. அணு உலையிலிருந்து வரும் எதிர் நியூட்ரினோ என்ற நுண்துகள்களைப் பிடிக்க ஒரு கருவி செய்திருந்தாள். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். பீரோ அளவுக்கு அடுக்கிய பிளாஸ்டிக் பட்டைகள், மேலே கறுப்புத் துணி, ஏராளமான ஒயர்கள்.

எதிர் நியூட்ரினோ எந்தச் சுவரையும் மதிக்காது. கோடானுகோடியில் ஒன்று பிளாஸ்டிக்கில் மோதினால் ஒரு மினுக்கு, இமைப்பதற்குள் இன்னொன்று. இரண்டும் வந்தால்தான் கணக்கு. முதல் ஒளிக்கு இரண்டாவது சான்றொப்பமிடுகிறது என்று புரிந்துகொண்டேன். வருவாய்த் துறையில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் வேறெப்படிப் புரிந்துகொள்வான்?

கருவியை உலைக்கு அருகில் வைக்க அனுமதி வேண்டும். கடிதத்தை நானே எழுதினேன். ‘பொருள்: உலையிலிருந்து வெளியேறும் துகள்களைக் கண்டறிதல்.’ மூன்று வாரத்தில் பதில் வந்தது: ‘எங்கள் உலையிலிருந்து எதுவும் வெளியேறுவதில்லை. விளக்கம் தருக.’ பொருள் வரிக்குக் கீழே யாரும் படிப்பதில்லை என்பதை நானே மறந்திருந்தேன்.

அடுத்த மாதம் பராமரிப்புக்காக உலையை நிறுத்துகிறார்கள். ஓடும்போதும் நின்ற பிறகும் எண்ணி ஒப்பிட்டால்தான் அவை உலையிலிருந்து வருபவை என்று நிரூபிக்க முடியும். அதைத் தவறவிட்டால் அவள் ஆய்வேடு ஒரு வருஷம் தள்ளிப்போகும்.

“வெளியேறும்ங்கறத எடுத்துடலாமா?” என்றேன்.

“பொய்யாயிடும் மாமா. வருதே.”

“இங்க வரைக்குமா?”

“ஆமா. உங்க சட்டை, பனியன், நீங்க, எல்லாத்துலயும் பூந்து போவுது.”

“என்னை ஒண்ணும் பண்ணாதா?”

“ரிடையர் ஆனவர யாரு என்னா பண்ண முடியும்?”

அதன்பின் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டேன். தடுக்கவே முடியாத ஒன்றை ஒரு பிளாஸ்டிக் பட்டை எப்படி நிறுத்துகிறது? நிறுத்துவதில்லை, தப்பித்தவறி மோதுவதற்காகக் காத்திருக்கிறோம் என்றாள். என் பணிக்காலம் முழுவதையும் அந்த ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

இந்த முறை எல்லாவற்றையும் பொருள் வரியிலேயே திணித்தேன்: ஓடுகிற எல்லா உலைகளிலிருந்தும் வருபவை, தீங்கற்றவை, எந்தச் சுவராலும் தடுக்க இயலாதவை, அனுமதி மறுத்தாலும் தொடர்ந்து வெளியேறுபவை, அவற்றை எண்ணுவதற்கு மட்டும் அனுமதி கோருதல். பொருள் ஆறு வரி நீண்டது.

உலை நிற்பதற்குப் பதினைந்து நாள் முன்பு அனுமதி வந்தது. நின்ற மறுவாரம் அவள் போன் செய்தாள்.

“எண்ணிக்கை எறங்கிடுச்சி மாமா.”

எவ்வளவு என்று கேட்டேன். இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.