தோளால் இடித்த கதவு

என் தச்சுப் பட்டறையில் கதவுச் சட்டம் செதுக்கும் ஷேப்பர் மெஷினுக்குக் கட்டர் செட் வாங்கப் பொன்னேரிக்குப் போனேன். கடைக்காரர் வளைவு வளைவாகச் செதுக்கும் செட்டை நீட்டி, "இத எடுபா, கதவு ஜம்முனு இருக்கும்" என்றார். ஆனால் பலகையைச் செருக அது எடுக்கும் காடிப் பள்ளத்தில் ஆழமே இல்லை. எங்கள் ஏரிக்கரை ஈரத்தில் பலகை ஊதினால் சட்டத்தைத் தள்ளும், கதவு இறுகிவிடும். "அழக வெச்சிக்கினு இன்னா பண்றது?" என்று சண்டை போட்டு, காடியை ஆழமாக எடுக்கும் சாதா செட்டையே வாங்கினேன்.

அதில் செய்த முதல் கதவு பசியாவரத்தில் மீன் விற்கும் ஓர் அம்மா வீட்டுக்குப் போனது. ஐப்பசி மழையில் அங்கே எல்லாரும் ஊதி இறுகிய கதவைத் தோளால் இடித்துத்தான் திறப்பார்கள். அந்தம்மாவும் பழக்கதோஷத்தில் இடித்தார். கதவு சட்டென்று திறந்துகொள்ள, கூடையோடு நடுவீட்டில் போய் விழுந்தார்.

"இன்னாய்யா கதவு செஞ்சிக்கீற?" என்று போன் போட்டுத் திட்டினார். அந்தத் திட்டை இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.